தைல டப்பியில் ஒரு நகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. சென்னையில் ஒரு சிறுபத்திரிகைக்காரர் கட்டுரை கேட்டிருந்தார். ஜனநாயகம் எவ்வளவு நொய்ந்தது என்பதைக் கதைகள் எந்தெந்தப் பொருள்களை வைத்துக் காட்டுகின்றன? யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், உட்கார்ந்து தமிழில் எழுதுகிற ஆள் வேறு அகப்படவில்லை போலிருக்கிறது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், நான்காம் மாடியில், எனக்கும் வேறு வேலை இல்லை.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரை எழுதினேன். அது மேசை விளிம்பில் இருந்து மெல்ல— வேண்டாம். அடுத்து ஒரு முட்டை. அதையும் அடித்தேன். இதெல்லாம் உடையும்போது சத்தம் போடும், ஊரே திரும்பிப் பார்க்கும். எங்கள் ஜனநாயகம் போன அன்று காலை எழுந்தபோது போன் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

2

இரண்டாம் மாடியில் தஸ்லீமா. (பெயரை மாற்றிவிட்டேன். மாடியையும்.)

எங்கள் தெருவில் எல்லாப் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். கீழே கிளிப், மேலே மணி. பேப்பர்காரர் கிளிப்பில் மாட்டி இழுத்தால் மாடியில் மணி அடிக்கும். என் கயிறு தஸ்லீமாவின் பால்கனியை உரசிக்கொண்டு இறங்குகிறது. காலையில் மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வாங்கினால் எனக்கும் ஒரு பொட்டலம் அதில் மாட்டி இழுப்பாள்.

"அண்ணே, சூடு ஆறிடப்போவுது."

இந்தக் கட்டடத்தில் என்னோடு தமிழ் பேச மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான்.*

* மனைவி போய் ஆறு வருஷம். மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் இருக்கிறாள், பர்மியத்தில் மெசேஜ் அனுப்புவாள். நான் எழுதுவதை அவளால் படிக்க முடியாது. கதைக்குள் இதற்கு இடம் வரவில்லை, அதனால் இங்கே.

3

தஸ்லீமாவின் மகன் ஆசிக் இரண்டாயிரத்து இருபது தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டான். மறு வருஷம் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிறகு, மார்ச்சில், அதை எதிர்க்கப் போனவர்களோடு வீட்டை விட்டுப் போனான். போகிற அன்று காலை நகம் வெட்டினான். இங்கே ஓட்டு மையைச் சுண்டுவிரலில்தான் வைப்பார்கள்; அந்த நகத்தின் நுனியில் ஊதா மை இன்னும் கொஞ்சம் இருந்தது. வெட்டிய நகத்தை மண்ணில் புதைப்பது தஸ்லீமாவின் வழக்கம். அதை மட்டும் புதைக்கவில்லை, ஒரு தைல டப்பியில் போட்டு வைத்தாள். அவனிடமிருந்து போன் வந்து மூன்று வருஷமாகிறது.

போன மழைக்கு முன்னால் மேலே ஏறி வந்து டப்பியை என்னிடம் கொடுத்தாள்.

"உங்கள்ட்ட இருக்கட்டும் அண்ணே. எங்க வூட்டத்தான் ராணுவத்தாளுங்க வந்து வந்து கிளர்றாங்க. குப்பைன்னு வீசிடுவாங்க. உங்கள யாரு தேடப்போறா?"

சரிதான், என்னை யாரும் தேடுவதில்லை.

அவள் படியிறங்குவதற்குள் எனக்குக் கட்டுரைக்குப் பொருள் கிடைத்த சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது. 'நகம் உடைவதில்லை, வளர்கிறது. வளர வளர மை நுனிக்குப் போகிறது. ஒரு நாள் நாமே அதை வெட்டி—' நல்ல வரி. முடிக்க முடியவில்லை.

4

[இந்தப் பகுதியை மூன்று தடவை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்.]

மறுபடி தேர்தல் வந்தது, இந்தத் தடவை ராணுவமே நடத்தியது. தஸ்லீமா போகவில்லை. மை இல்லாதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள் என்று தெருவில் பேச்சு. நிஜமா பொய்யா, தெரியாது. நான் போனேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்ததால்— பொய். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. பயந்துவிட்டேன்.

மறுநாள் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஏறி வந்த தஸ்லீமா என் சுண்டுவிரலைப் பார்த்தாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"டப்பியக் கயித்துல இறக்கி வுட்டுடுங்கண்ணே," என்றாள். "மேல ஏற முட்டி வலிக்குது."

முந்தின வாரம் மூன்று தடவை ஏறி வந்தவள்.

5

பதினொரு நாளாகிறது. மொஹிங்கா வரவில்லை. டப்பி மேசைமேல் இருக்கிறது. கதை முடிந்ததும் இறக்கிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் கதை முடிய மாட்டேன் என்கிறது. டப்பி போய்விட்டால் அந்தக் கயிற்றைத் தொட அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. எனக்கு அது தாங்காது.

முடிவுகள் யோசிக்காமல் இல்லை. ஒன்றில் ஆசிக் திரும்பி வருகிறான். (அதை எழுத எனக்கு என்ன உரிமை?) இன்னொன்றில் தஸ்லீமா மன்னித்துவிடுகிறாள். (அது என் ஆசை. அடித்தாயிற்று.)

மணி அடிக்கிறது.

எட்டிப் பார்த்தேன். தஸ்லீமா தன் பால்கனியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே பார்க்கவில்லை. கிளிப்பில் ஒன்றும் இல்லை.

கயிற்றை இழுத்து டப்பியை மாட்டிவிட்டேன். கயிற்றை இடது கையில், மை வைத்த கையில், பிடித்திருக்கிறேன். வலது கையால் இந்த வரி. கீழே அவள் இரண்டு கையையும் நீட்டி நிற்கிறாள்.

முற்றும் என்று எழுதினால் இறக்கியாக வேண்டும். அந்தச் சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.