வெயில் ஊர்ப் பூ

சுதாகரன் கத்தாரிலிருந்து லீவில் வந்தபோது மனைவி பூரணிக்கு ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தான். உள்ளே பஞ்சு ஒட்டிய விதைகள். அங்கே பெரிய வீட்டுத் தோட்டங்களைப் பார்க்கிற வேலை அவனுக்கு. உடன் வேலை செய்த ஆபிரிக்கர் ஒருவர் தன் ஊர்ப் பூவென்று கொடுத்தாராம். மழையை மறந்த நிலத்தில் வளருமாம். பறித்து எத்தனை மாதம் வைத்தாலும் வாடாதாம்.

"அடுத்த தடவ நான் வர்றப்ப இதத்தான் நீ தலையில வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

பூரணி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பூ பூத்தால் அவன் மறுபடி போகமாட்டான் என்று யாரையும் கேட்காமல் தானே முடிவும் செய்துகொண்டாள். அசட்டுத்தனம்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில் தனியாகப் படுத்து எழும்புகிறவளுக்கு அதுவாவது துணைக்கு வேண்டாமா?

அவளுக்குத் தோட்டத்துத் தேயிலை நாற்றுமேடையில் வேலை. கைராசிக்காரி என்று பெயர். அந்தக் கைராசியே வினையாக வந்தது. தேயிலைக் கன்றுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்தாள்: பையில் மண் நிரப்பி, விதையை அழுத்திப் புதைத்து, நிழலுக்குப் பந்தல் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தால் எல்லாம் அழுகிக் கிடந்தன.

"தண்ணியில முக்கியே கொன்னுட்டியா?" என்று போனில் சிரித்தான் சுதாகரன். "அது வெளிச்சத்தப் பாத்தாத்தான் முளைக்குமாம். மணல் மேல சும்மா தூவணும், மூடக்கூடாது. மிச்சம் இருக்கா?"

"ஒரு சிட்டிகை இருக்குங்க."

தை மாத வெயிலில், மழை படாத கூரையோரம் ஓர் ஓட்டை பேசினை வைத்தாள். மணலும் செங்கல் தூளும் கலந்து, திருநீறு தூவுகிற மாதிரி விதையைத் தூவினாள். தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுப்பாள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கீழே வைப்பாள். அடுத்த காம்பரா நாகலெட்சுமி சும்மா இருப்பாளா?

"புருசனத்தான் பாலைவனத்துல காயப்போட்ட. செடியையுமாடி?"

சித்திரையில் பூத்தது. வெளிர் ரோஜா நிறம், நடுவில் மஞ்சள். தொட்டால் காகிதம்போல் சரசரத்தது. கண்ணை மூடினால், தான் பார்த்தேயிராத மணல்வெளி முழுக்க அந்தப் பூக்களும், அதன் நடுவே சுதாகரன் செருப்பில்லாமல் நடந்து வருவதும் தெரிந்தது. சித்திரைக்கு வருவதாகச் சொன்னவனுக்கு லீவு தள்ளிப்போனது. பூக்களை வெட்டி, அடுப்புக்கு மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். அவை அவளோடு சேர்ந்து காத்திருந்தன.

ஆனியில், ஒரு மாத லீவில் வந்தான். அடைமழை. ஹட்டன் பஸ் வந்து நிற்கிற சந்தியில், மூடுபனிக்குள், தலையில் பூவோடு நின்றாள் பூரணி. இறங்கியவன் முதலில் அவள் கொண்டையைத்தான் பார்த்தான்.

"மொட்டாவே இருக்கே. பூக்கவே இல்லையா?"

தொட்டுப் பார்த்தாள். காலையில் விரிந்திருந்தவை அத்தனையும் இறுக மூடிக் கிடந்தன. தன் ஆசைக்கு இதுதான் பதில் என்று தோன்ற, பூரணிக்கு அழுகை முட்டியது. வீடு வரைக்கும் அவனுக்கு முன்னாலேயே விறுவிறுவென்று நடந்தாள்.

அவனுக்குத் தேத்தண்ணீர் போட அடுப்பை மூட்டி, முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

"எப்பத் திரும்பிப் போவீங்க?"

அவன் அவளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான். விறகு சடசடத்தது. தண்ணீர் கொதித்து, ஈரச் சேலையும் காயத் தொடங்கியது.

"பூரணி, அசையாத."

"ஏன், பூச்சியா?"

"பூ விரியுது. ஒண்ணொண்ணா விரியுது. ஈரத்துக்குத்தான் மூடியிருந்திருக்கு."

அவள் அசையாமல் இருந்தாள். அவளால் பார்க்க முடியவில்லை, அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். கடைசிப் பூவும் விரிந்த பிறகு மெதுவாகக் கேட்டான்:

"இதுக்கு மறுபடி எப்ப விதை போடணும்?"

"தையிலங்க."

"அப்ப அந்தப் பேசின் பத்தாது. பெரிய மேடையாக் கட்டணும். மணல நானே அள்ளிட்டு வர்றேன்."