நரம்பு தச்சாச்சு

தமிழில் நரம்பு என்றால் எல்லாம்தான். குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்துவது நரம்பில். தூங்கி எழுந்ததும் கழுத்தில் பிடித்துக்கொள்வதும் நரம்பு. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் நடத்தும் தாவரவியலில் இலைக்கும் நரம்பு உண்டு. இந்தப் பாழாய்ப்போன ஒரு சொல்தான் என் வலது கையைத் தின்றது.

கழுவும்போது ஊறுகாய் பாட்டில் உடைந்து கண்ணாடி மணிக்கட்டில் ஆழமாக இறங்கிவிட்டது. குரோம்பேட்டையில் எங்கள் தெருமுனைச் சின்ன ஆஸ்பத்திரிக்கு என் கணவர் ஆரோன் அழைத்துக்கொண்டு ஓடினார். தையல் போட்டு முடிந்ததும் நர்ஸ் வெளியே வந்து, "பயப்படாதீங்க சார், அறுந்த நரம்பைத் தச்சாச்சு" என்றாள். அவர் அங்கேயே கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

தையல் பிரித்த பிறகும் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்தே கிடந்தன. தாம்பரத்தில் வேறொரு டாக்டரிடம் போனோம்.

"நரம்பு தச்சிருக்காங்களா?"

"தச்சாச்சு டாக்டர்" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.

"அப்போ பொறுமையா இருங்க. உள்ள இழை இழையா வளர்ந்து விரலுக்கு வந்து சேரணும். மெதுவாதான் வரும்."

பொறுமையாக இருந்தோம். கை சரியானதும் வாருங்கள் என்று பள்ளியில் அனுப்பிவிட்டார்கள். சாக்பீஸ் பிடிக்க முடியாத டீச்சரை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஆரோன் ஆபீஸ் விட்டு வந்ததும் எண்ணெய் தடவி விரல்களை நீவிவிடுவார்.

"ஏதாச்சும் தெரியுதா ஜோவி?"

"இல்லீங்க."

"வரும். அதான் தச்சிருக்காங்களே."

ஒன்றரை வருஷத்தில் கட்டைவிரலின் அடியிலிருந்த சதைமேடு குழி விழுந்துவிட்டது. தண்டில் நீர் ஏறும் ஒரு கற்றையை அறுத்தால் அதை நம்பியிருக்கும் இலை வாடும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவள் நான். வாடுகிற கையைப் பார்த்துக்கொண்டே, வளர்கிறது என்று நம்பியிருக்கிறேன். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

கை ஆபரேஷனுக்கென்றே இருக்கிற டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"தச்சிருக்கிறது தசைநாண்மா. விரலை மடக்குற நார். நரம்பு அறுந்தபடியே கிடக்கு, யாரும் அதைத் தொடவே இல்லை."

"இப்போ தைக்கலாமில்ல டாக்டர்?" என்று ஆரோன் கேட்டார்.

"தைக்கலாம் சார். கொஞ்சம் உணர்ச்சி வந்தாலும் வரலாம், அதுவும் சந்தேகம்தான். ஆனா இத்தனை நாள் நரம்பு இல்லாம அந்தத் தசை செத்துப்போச்சு. பழைய பிடிமானம் திரும்பாது."

திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ நகரவே இல்லை. அந்த நர்ஸ் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் நரம்பு என்றுதான் சொல்வோம். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"நரம்புன்னுதானே சொன்னாங்க" என்று ஆரோன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விடுங்க" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த பையைச் சரிசெய்யக் குனிந்தேன். என் வலது கையின் மரத்த மூன்று விரல்களை அவர் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.