இதுதான் புதுசு

"இன்னொரு தடவை தட்டினீங்கன்னா திறக்கவே மாட்டேன்" என்று கத்திவிட்டு அவள் மறுபடி கீபோர்டின் பக்கம் திரும்பினாள்.

கதவுக்கு அப்பால் சித்தப்பா. "கூடத்துல கூடப்பொறந்த அண்ணன் கிடக்கான். இவ உள்ள டொக்கு டொக்குன்னு தட்டிட்டிருக்கா. படிச்ச திமிரு."

"ஆமா, திமிருதான். அழுறதுக்கு ஆயுசு கிடக்கு சித்தப்பா. இதுக்கு நாலு மணி வரைக்கும்தான்."

அண்ணனை எடுத்துப்போக நாலு மணிக்கு வண்டி வரும். அதோடு அண்ணனின் லேப்டாப்பும் போய்விடும். பூவோடு வந்த அவனுடைய மேனேஜர், அம்மாவுக்கு ஆறுதல் சொன்ன அதே மூச்சில், "லேப்டாப் ஆபீஸோடதும்மா. இன்னைக்கே அழிச்சாகணும். சொந்த ஃபைல் இருந்தா எடுத்துக்குங்க. ஆபீஸ் ஃபைல் ஒண்ணுகூட வெளிய போகக்கூடாது" என்றிருந்தார்.

இருநூறு ஃபோல்டர்கள். 'சும்மா', 'புதுசு', 'புதுசு2', 'இதுதான் புதுசு'. அவற்றில் எங்கோ, அம்மாவுக்காக அவன் செய்துகொண்டிருந்த ஆப் இருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. போனில் மாத்திரை அட்டையைக் காட்டினால் அது படித்துச் சொல்லும். அண்ணனின் குரலில். "முடிச்சிட்டுக் காட்டுறேன்" என்றிருந்தான். நேற்று மதியம் பஸ் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஆபீஸ் வேலை எல்லாம் வெர்ஷன் கண்ட்ரோலில் இருக்கும். யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு. தன் சொந்த வேலைக்கு மட்டும் அண்ணன் அதைப் போடவே மாட்டான். கல்லூரியில் அதைக் கற்ற நாளிலிருந்து அவள் திட்டித் தீர்த்தாள். பத்தாவதோடு நின்று, அவளுடைய புத்தகங்களைப் படித்தே வேலை பிடித்தவன், சிரித்துவிட்டுப் போவான். ஆகவே பதிவு இல்லாதது அவனுடையது. இருபது வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்தால் போதும். ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்த்து, பதிவு 'உண்டு', 'இல்லை' என்று சொல்லும்.

ஓடவிட்டாள். ஏழு 'இல்லை'. போட்டோக்கள், பாட்டுகள், வேலை கேட்டு எழுதிய பழைய விண்ணப்பங்கள். அம்மாவுக்கானது அதில் இல்லை.

மணி மூன்றரை. பிறகு, 'உண்டு' என்று வந்தவற்றில் அண்ணன் ஒருவன் பெயர் மட்டுமே உள்ள பதிவுகளைக் காட்டச் சொல்லி, இன்னொரு வரி சேர்த்தாள்.

ஒன்றே ஒன்று வந்தது. 'இதுதான் புதுசு'.

கதவைத் திறந்தாள். மேனேஜர் எட்டி, திரையில் இருந்த 'உண்டு', 'இல்லை' பட்டியலைப் பார்த்தார். "பதிவு இருந்தா ஆபீஸோடதாச்சேம்மா. நீங்களே அப்படித்தானே பிரிச்சீங்க?"

"தப்பாப் பிரிச்சிட்டேன். இதைப் படிங்க சார். எல்லாம் ஞாயித்துக்கிழமை. முதல் பதிவைச் சத்தமாப் படிங்க."

அவர் குனிந்தார். "போட்டாச்சு... இனி திட்டாதே."

"உங்க ஆபீஸ்ல யாரு சார் அவனைத் திட்டினது?"

"அப்படியில்ல... லேப்டாப்ல செஞ்சது எதுவா இருந்தாலும்..."

"லேப்டாப் உங்களுது. எடுத்துட்டுப் போங்க. அம்மா எங்களுது."

மேனேஜர் கூடத்தைப் பார்த்தார். "சீக்கிரம் முடிங்க" என்று நகர்ந்து நின்றார்.

அவள் தன் இருபத்தோரு வரியையும் அந்த ஃபோல்டருக்குள்ளேயே போட்டுப் பதிந்தாள். லேப்டாப் தனக்குத் தெரிந்த பெயரையே பதிவில் எழுதிக்கொண்டது. அண்ணனின் பெயர். இன்றைய தேதி. மூன்று ஐம்பத்திரண்டு.

அதைத் தன் பெயருக்கு மாற்ற ஒரு கட்டளை போதும். வாசலில் வண்டி ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டது.

மாற்றாமல், பென்டிரைவைச் செருகினாள்.