சுண்டுவிரலில் தொடங்கி

மெல்லிய துண்டொன்றைக் கயிறாக முறுக்கி, ஒரு முனையைச் சின்னவளின் வலது கையில் கொடுத்தாள் உடம்பு டாக்டர். மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டாள். “இழும்மா. கதை எதுவும் வேண்டாம். கை என்ன பண்ணுதுன்னு மட்டும் பாரு.”

உடம்பு டாக்டர் என்பது சின்னவள் வைத்த பெயர்; மனக்காயத்தை உடம்பின் வழியாக ஆற்றப் பார்க்கிறவள். இதற்கு முன் போனது பேச்சு டாக்டரிடம். நல்ல மனிதர், பொறுமைசாலி. ஒரு வருஷமாக அவர் கேட்டார், இவள் சொன்னாள்: தையல் கம்பெனியில் தீப்பிடித்தது, சரிந்த அலமாரிக்கு அடியில் அக்காவின் கால் மாட்டிக்கொண்டது, கையைப் பிடித்து இழுத்தேன், பயத்தில் விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். சொல்லிச் சொல்லி அது செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. அழுகைகூட வருவதில்லை. “உங்க மேல தப்பில்லம்மா” என்று அவர் சொல்லும்போதெல்லாம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வருவாள். ஆனால் வீட்டில் அக்கா மகளின் கையை மட்டும் தொட மாட்டாள். ரோட்டைக் கடக்கும்போது அந்தக் குழந்தை சித்தியின் பை வாரைத்தான் பிடித்துக்கொள்ளும். நடுவழியில் விடுகிற கை எதற்கு என்பது சித்தியின் கணக்கு.

துண்டு இறுகியது. தோள் வெடவெடத்தது. “போதும், விட்டுடு” என்றாள் டாக்டர். சின்னவளும் விடத்தான் பார்த்தாள். கை கேட்கவில்லை. நகங்கள் உள்ளங்கையில் இறங்கி ரத்தம் கசிந்தது. பூட்டிக்கொண்ட கையைப் பிரிக்கக் கூடாது, தானாகத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள்தான் அந்த டாக்டர். ரத்தத்தைப் பார்த்ததும் பதறிப்போய், சுண்டுவிரலைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு அடுத்த விரலை.

சின்னவள் பிரிகிற விரல்களையே பார்த்தாள்.

சிறுவயதில் இவள் எதையாவது கைக்குள் ஒளித்துக்கொண்டால் அக்கா இப்படித்தான் பிரிப்பாள். சுண்டுவிரலில் தொடங்குவாள். அன்றைக்குப் புகைக்குள்ளும் அங்கேதான் தொடங்கினாள்.

“நான் விடல” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “அவதான் பிரிச்சா. விரல் விரலாப் பிரிச்சு என்னைத் தள்ளிவிட்டா.”

கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்களின் மேல் வெள்ளைத் தழும்புகள். விட்டுட்டுப் போகாதே என்று அக்கா பிராண்டிய அடையாளம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“அப்போ உன் மனசுக்கு ஆறுதல்தானேம்மா...” டாக்டர் தயங்கினாள்.

“என்ன ஆறுதல்? தான் வெளியே வரப்போறதில்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு டாக்டர். தெரிஞ்சே பண்ணியிருக்கா.”

உள்ளங்கையில் கட்டுப் போட்டு அனுப்பினாள் டாக்டர். வெளியே நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டிருந்த அக்கா மகள் ஓடிவந்து, வழக்கம்போல் பை வாரைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டோரம் வந்ததும் சின்னவள் பையை அடுத்த தோளுக்கு மாற்றிவிட்டுக் கையை நீட்டினாள். குழந்தை கையைப் பார்த்தது. சித்தியின் முகத்தைப் பார்த்தது.

“கட்டுப் போட்டிருக்கே சித்தி. வலிக்காதா?”

“தெரியல. பிடி.”

குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுண்டுவிரலை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது. வண்டிகள் நின்று வழிவிட்டன. சின்னவளுக்குத்தான் கால் எழவில்லை.