ரப்பரின் புதன்கிழமைகள்

என் தங்கை என்னென்ன விளையாட்டு ஆடினாள் என்று யாராவது கேட்டால், நான் இஞ்சு டேப்பை வைத்துத்தான் பதில் சொல்வேன். நான் தையல்காரன். அவள் ஈட்டி எறிந்த காலத்தில் வலது தோள் இடதைவிடப் பருத்துவிட, எந்தச் சட்டையும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. தடை ஓட்டத்துக்குப் போனாள், தொடை இறுகிக் கால்சட்டையெல்லாம் தையல் விட்டது. வாலிபால் ஆடிய வருஷங்களில் கை நீண்டதோ என்னவோ, முழுக்கை எல்லாம் முக்கால் கை ஆனது. அப்புறம் ஹேண்ட்பால், அப்புறம் கால்பந்து.

"நீ ஒரு விளையாட்டை முடிவு பண்றியா, இல்ல நான் துணி வெட்டுறதை நிறுத்தட்டுமா?" என்று கத்துவேன்.

"ரெண்டு இஞ்சு விட்டே தைண்ணா. அடுத்தது என்னன்னு எனக்கே தெரியாது" என்பாள்.

தெருவில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். எங்கே தூக்கிப் போட்டாலும் எகிறிக்கொண்டு வந்துவிடுவாள். வாய்விட்டுப் பாராட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஆனால் அவள் ஈட்டியோடு ஓடிவரும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். வாலிபாலில் வலைக்கு மேல் எழும்பினால் இறங்க மறந்தவள்போல ஒரு கணம் அங்கேயே தங்குவாள். இவளும் நானும் ஒரே தாய் வயிற்றில்தான் பிறந்தோமா என்று அரங்கில் உட்கார்ந்து வாயைப் பிளந்திருக்கிறேன். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலே நாக்குத் தள்ளிவிடும்.

எல்லா விளையாட்டிலும் தேசிய அணியின் வாசல்வரை போனாள். எல்லா இடத்திலும் தேர்வுக்குழுக்காரர்கள் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "எல்லாம் நல்லாத்தான் பண்றேம்மா. ஆனா ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்க." அவளால் அது மட்டும் முடியவில்லை. உருண்டு வந்தாலும் பறந்து வந்தாலும், ஒரு பொருள் நகர்ந்தால் அவள் அதன் பின்னால் ஓடியாக வேண்டும். கடைசியில் ஒரு கால்பந்து மைதானத்தில் முழங்கால் போயிற்று. ஆபரேஷன் முடிந்து, இனி ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. "கோச்சா நிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டாள். நான்தான் வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

அப்படித்தான் ஒரு கிளப்பின் பெண்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளரானாள். கோல்கீப்பர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நடுக்களத்தில் ஆடுகிறவள் பஸ் கண்டக்டர். எல்லாரும் வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள். அணியின் ஜெர்சிகள் என் கடையில்தான் தைக்கப்பட்டன. அதனால் பயிற்சி நடக்கும்போது நானும் ஊசி நூலோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

அவளிடம் ஒரு வினோத வழக்கம் இருந்தது. புதன்கிழமை கால்பந்தைக் கண்ணில் காட்ட மாட்டாள். அன்றைக்கு வாலிபால் வலை கட்டுவாள், தடைக் கட்டைகளை வரிசையாக வைப்பாள், கோலுக்கு முன்னால் கோடு போட்டு, கையால் எறிந்து கோல் போடுகிற ஹேண்ட்பால் ஆட விடுவாள். கிளப் செயலாளர் ஃபிரிட்ஜ் ஏஜென்சி வைத்திருப்பவர். மைதானத்துக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, கால்பந்துக் கிளப்பா, சர்க்கஸ் கூடாரமா?"

"இவங்க உடம்புல பாதி தூங்குது சார். எழுப்பிட்டிருக்கேன்."

அவர் நம்பவில்லை. நான் நம்பினேன், ஏனென்றால் கண்ணால் பார்த்தேன். தலையால் முட்டவே பயந்த ஒருத்தியை வலையருகே நிறுத்தி ஸ்மாஷ் அடிக்க வைத்தாள். அவள் அடுத்த மாதம் தலையால் கோல் போட்டாள். திரும்புவதற்குள் ஆளைத் தவறவிடும் இன்னொருத்தியைத் தடை ஓட வைத்தாள். அவள் இடுப்பின் இறுக்கம் என் கண்ணெதிரே தளர்ந்தது. யாருடைய உடம்பில் எந்த மூலை பூட்டிக் கிடக்கிறது என்பது நடையைப் பார்த்தே தங்கைக்குத் தெரிந்தது. நான் டேப்பைச் சுற்றி அளந்தாலும் எனக்கு அது தெரியாது.

இடப்பக்கத் தடுப்பில் ஆடியவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். மருந்துக்கடையில் வேலை. கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். மாத்திரை கேட்டு வருகிறவர்கள் எழுப்பிவிட்டுக் கேட்பார்கள் என்று கிண்டல் செய்வார்கள். இவளை ஹேண்ட்பால் கோலில் நிறுத்தி, ஈட்டி எறிந்த கையால் தங்கையே பந்தை விளாசுவாள்.

"கையால வர்ற பந்து ஒண்ணைக்கூட உள்ளே விடாதே. மூஞ்சியில வாங்கு, பரவாயில்ல. விட மட்டும் விடாதே!"

தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டுக்கொண்டே கையை, காலை, தோளை நீட்டி எல்லாவற்றையும் தடுத்தாள். வாரா வாரம் இதேதான். அந்தப் பாடம் அவள் எலும்பில் ஏறிவிட்டது.

ஆனாலும் அந்த வருஷம் அணிக்குக் கெட்ட வருஷம். நல்ல ஆட்டங்களிலும் கடைசி நிமிஷத்தில் கோட்டை விட்டோம். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் செயலாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று மத்தியானமே என் கடைக்கு வந்து கட்டிங் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

"தோத்தா கீழ் டிவிஷனாம். கீழ் டிவிஷன்னா பெண்கள் அணியையே கலைச்சிடுவாங்களாம். டிரா பண்ணினாக்கூடத் தப்பிச்சிடலாம்."

"உன் வேலை?"

"அணியே இல்லன்னா யாருக்குண்ணா கோச்?" சாக்குக்கட்டியை எடுத்து மேசையில் கிறுக்கினாள். "ஒவ்வொண்ணும் போனப்போ அடுத்தது ஒண்ணு இருந்துச்சு. இது போச்சுன்னா எனக்கு வேற விளையாட்டு இல்ல."

ரப்பர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேசையைவிட்டு இறங்கு, துணி அழுக்காகும் என்று அதட்டினேன்.

ஆட்டத்தன்று பெஞ்சின் ஓரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நாங்கள் ஒன்று போட்டோம், அவர்கள் ஒன்று போட்டார்கள். அப்படியே முடிந்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தபோது, ஓடிவந்த எதிரணிக்காரியோடு மோதி எங்கள் கோல்கீப்பர் ஆசிரியை விழுந்தார். தோள் இறங்கிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். மாற்று ஆட்டக்காரிகள் எல்லாரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. களத்தில் இருப்பவர்களில் ஒருத்திதான் கோலுக்குப் போக வேண்டும்.

தங்கை யோசிக்கவே இல்லை. தூங்குமூஞ்சியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அந்தத் தூங்குமூஞ்சியையா!" என்று பின்னாலிருந்து செயலாளர் அலறியது எல்லாருக்கும் கேட்டது.

ஆசிரியையின் ஜெர்சி அவளுக்குத் தொளதொளவென்று தொங்கியது. நான் ஓடிப்போய்க் கையை மடித்து நாலு தையல் போட்டேன். "அண்ணா, ஊசி குத்துது" என்றாள் அவள், ஏதோ அளவு கொடுக்க வந்தவள்போல.

நிற்பவள் கோல்கீப்பர் இல்லை என்று எதிரணி புரிந்துகொண்டது. எங்கிருந்து முடியுமோ அங்கிருந்தெல்லாம் அடித்தார்கள். தூங்குமூஞ்சி காலால் தடுத்தாள், வயிற்றில் வாங்கினாள், ஒன்றை முகத்திலேயே வாங்கினாள். அரங்கமே எழுந்துவிட்டது. மைதானத்தில் ஹேண்ட்பால் கோல்கீப்பர் ஒருத்தி நிற்கிறாள் என்பது எங்கள் அணிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்தது.

கடைசி நிமிஷத்தில் எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே பந்து ஓரக் கோட்டைத் தாண்டியது. த்ரோ அவர்களுக்கு. எறிவதற்கு கிரேன் வந்தாள். கையாலேயே பந்தை கோல்வரை அனுப்பக்கூடியவள் அவள், அதனால் அந்தப் பெயர்.

அப்போது தங்கையின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஐயோ... நான்தாண்ணா நம்ம தூங்குமூஞ்சியைக் கெடுத்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. கால்பந்தில் ஒரு சட்டம் உண்டு. ஓரக் கோட்டிலிருந்து கையால் எறிகிற பந்து யார்மேலும் படாமல் நேராக கோலுக்குள் போனால், அது கோல் இல்லை. யாராவது தொட்டு உள்ளே போனால் கோல். விட்டுவிட்டால் ஆபத்தில்லை, விரல்நுனி பட்டு உள்ளே போனால் தொலைந்தோம். ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், தூங்குமூஞ்சிக்கும் தெரியும். ஆனால் தெரிந்தது அவள் தலைக்குத்தான். கையால் வருகிற பந்தை உயிரே போனாலும் விடக் கூடாது என்று அவள் கைகளுக்குப் புதன்கிழமைதோறும் சொல்லிக் கொடுத்தது என் தங்கை.

"விடு! விடு!" என்று கத்தினாள். அரங்கின் கூச்சலில் எனக்கே கேட்கவில்லை.

கிரேன் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை ஓடினாள்.

ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அந்த முழங்காலோடு, பயிற்சியாளர் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி, மைதானத்தின் விளிம்போடு ஓடினாள். தடை ஓட்டக்காரியின் அதே குதிப்பு. வழியில் கிடந்த தண்ணீர்ப் பெட்டியைத் தாண்டினாள், தடுக்க வந்த அதிகாரியைத் தோளால் ஏமாற்றி வெட்டிப் போனாள். இந்த ஓட்டத்தை இனிப் பார்க்கவே மாட்டேன் என்று நினைத்திருந்தேன். கிரேனுக்கு நேர் பின்னால், பந்தைப் பார்க்கிற தூங்குமூஞ்சியின் கண்ணுக்குத் தப்பாமல் படுகிற இடத்தில் போய் நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே விரித்துத் தூக்கினாள்.

அது வாலிபால் கை. வெளியே போகும் பந்தைத் தொடாதே, கையை எடுத்துக்கொள் என்று வலைக்கு இந்தப் பக்கம் நிற்பவள் காட்டும் சைகை. அதுவும் புதன்கிழமைப் பாடம்தான்.

ரெஃப்ரி அவளை நோக்கி மஞ்சள் அட்டையோடு வந்தார். அட்டையைக் காட்டினார். அவள் கையை இறக்கவே இல்லை. விசில் ஒலித்தது. கிரேன் எறிந்தாள்.

பந்து எல்லார் தலைக்கும் மேலே வந்தது. எங்களவர்களும் அவர்களும் கும்பலாக எம்பினார்கள். யார் தலைமுடியிலாவது உரசினால்கூடத் தூங்குமூஞ்சி அதைப் பிடித்தாக வேண்டும்; உரசாவிட்டால் விட்டாக வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக அவள் கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. யாரும் தொடவில்லை. பந்து அவள் காதோரம் வந்தது. அவள் கைகள் இரண்டும் மெல்ல மேலே எழுந்து, விரிந்து நின்றன. பந்து அவளைத் தாண்டி வலையில் விழுந்தது.

அரங்கம் வெடித்தது. எதிரணி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடியது. செயலாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானே ஒரு கணம் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ரெஃப்ரி மட்டும் அசையாமல் நின்று, கையை நீட்டி, கோல் இல்லை, கோல் கிக் என்று காட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்த விசிலும் ஒலித்தது.

டிரா. அணி தப்பித்தது.

உடைமாற்றும் அறைக்குச் செயலாளர் தடதடவென்று ஓடிவந்தார். "புதன்கிழமை மட்டும் எதுக்கும்மா? வியாழக்கிழமையும் வச்சுக்கங்க!" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே போனார். பெண்கள் சிரித்துக் கத்தி ஒருத்தியை ஒருத்தி நனைத்துக்கொண்டிருந்தார்கள். தூங்குமூஞ்சி மட்டும் பெஞ்சில் சாய்ந்து, கால்களை நீட்டி, பழையபடி பாதிக் கண்ணோடு இருந்தாள்.

தங்கை மூலையில் முழங்கால்மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது.

"ஏண்டி, உயிரே போயிடுச்சு எனக்கு. அவ விட்டுடுவான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"அப்புறம்?"

அவள் தூங்குமூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது.

"அங்க நான் நின்னிருந்தா தொட்டிருப்பேண்ணா. சட்டம் தெரியும், சைகை தெரியும், எல்லாம் தெரியும். கை போயிருக்கும். என் வாழ்க்கையில வந்த ஒரு பந்தைக்கூட நான் விட்டதில்லையே. எல்லாம் அங்கேயே முடிஞ்சிருக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "அவ விட்டுட்டாண்ணா. பந்து காதை உரசிட்டுப் போகுது, பார்த்துக்கிட்டே நிக்கிறா. என்னைவிடப் பெரிய ஆளு அவ."

அவள் வாயால் இன்னொருத்தியைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ஐஸ் பையை என் கையில் கொடுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நொண்டி நொண்டிப் போய், தூங்குமூஞ்சியின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சேறு படிந்த பூட்ஸை மடியில் எடுத்து வைத்து, இறுகிக் கிடந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

தூங்குமூஞ்சி பதறி நிமிர்ந்தாள். "அக்கா, என்னக்கா பண்றீங்க? நீங்க போய் என் காலை..."

"சும்மா இருடி" என்றாள் என் தங்கை. அடுத்த காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.