ஜன்னலைத் திறந்துட்டுத் தூங்கு

எஞ்சினை அணைத்தாலும் ஏசி ஓட, நான் ஓட்டி, உள்ளேயே படுத்துத் தூங்கும் லாரியில் ஒரு துணை எஞ்சின் வைக்கச் சொல்லி மூன்று வருடம் கெஞ்சினேன். "ஜன்னலைத் திறந்துட்டுத் தூங்கு, லொரெட்டா" என்றான் மேனேஜர் டுவெய்ன். நின்ற வண்டியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓடினால் எச்சரிக்கைக் கடிதம் வேறு அனுப்புவான்.

மேனேஜர்கள் ஆண்டுக்கொரு முறை ஒரு டிரைவரோடு லாரியில் போய் வர வேண்டும் என்பது கம்பெனி விதி. இந்த ஆகஸ்டில் என்னிடம் மாட்டினான். அரிசோனா வெயிலில், நடுப்பகலில், சட்டப்படி என் பத்து மணிநேர ஓய்வு தொடங்கியது. எஞ்சினை அணைத்தேன்.

"தாயே, எஞ்சினைப் போடு! வெந்து சாகறேன்!"

துணை எஞ்சினுக்கான விண்ணப்பத்தை நீட்டினேன். "எல்லா வண்டிக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

வேர்வை சொட்டச் சொட்டப் போட்டான். "இப்பவாவது ஏசி?"

"அது வந்து சேர்ற வரைக்கும் ஜன்னலைத் திறந்துட்டுத் தூங்கு, டுவெய்ன்."