நான்கு வரிக் கணக்கு

அல்ஜீப்ரா பரீட்சை முடிந்த கையோடு, வினாத்தாளும் கையுமாக ஏணியேறி வந்தாள் சாயிமா. தாராவியில் தன் வீட்டுக்கு மேலிருந்த தகர மாடியில்தான் மாரீஸ்வரி டியூஷன் எடுத்தாள். பத்தாவதில் பதினொரு பிள்ளைகள். வாய் திறந்து சந்தேகம் கேட்பவள் சாயிமா ஒருத்திதான்.

"இந்த 2x² − 5x − 3, ஃபேக்டர் பண்ணச் சொல்லிருந்தாங்க டீச்சர். நீங்க சொன்ன ஷார்ட்கட்தான். சட்டுனு முடிச்சிட்டேன்."

ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: (x − 6)(x + 1).

மாரீஸ்வரி மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். x² − 5x − 6 வந்தது. முன்னால் நின்ற இரண்டைக் காணோம்.

போன மாதம் இதே பிள்ளை, நடு உறுப்பைப் பிரித்து, பொதுவானதை வெளியே எடுத்து, நான்கு வரியில் பொறுமையாக ஒரு கணக்கைப் போட்டது. அதன்மேல் சிவப்புக் கோடு இழுத்தவள் மாரீஸ்வரி. "இப்படி எழுதிட்டிருந்தா டைம் பத்தாது பிள்ள. ரெண்டு நம்பரக் கண்டுபிடி, நேரா பிராக்கெட்ல போடு." x²-க்கு முன்னாடி நம்பர் இருந்தால் என்று சாயிமா கேட்கத்தான் செய்தாள். "எல்லாத்துக்கும் இதேதான்" என்றாள் மாரீஸ்வரி. முன்னாடி நம்பர் இருந்தால் அது செல்லாது என்று தெரியாமல் சொல்லவில்லை. அடுத்த பேட்ச் கீழே காத்திருந்தது. யோசிக்கச் சோம்பல்பட்டு வாயில் வந்ததைச் சொன்னாள்.

"சரிதானே டீச்சர்? இது சரின்னா தொண்ணூறு தாண்டிரும். தாண்டினா டிப்ளமா சேத்துவிடுதேன்னு வாப்பா சொல்லிருக்காங்க."

எழுதினது எழுதினதுதான், அடுத்து ஜியாமெட்ரி பரீட்சை இருக்கிறது, இப்போது சொன்னால் பிள்ளை உடைந்துபோகும் என்று மாரீஸ்வரி தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். காப்பாற்றப் பார்ப்பது தன் முகத்தைத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"சரிதான். போய் ஜியாமெட்ரியப் பாரு."

சாயிமா இறங்கிப் போனாள். கீழே அடுத்த டியூஷனுக்குக் காத்திருந்த ஒன்பதாவது பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "நாலு வரியெல்லாம் வேண்டாம்ட்டி, இங்க பாரு" என்று அவள் விளக்குவது மேலே கேட்டது. நோட்டுகள் திறக்கும் சத்தமும் கேட்டது. மாரீஸ்வரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"சாயிமா, நில்லு! அத அவங்களுக்குச் சொல்லிக்குடுக்காத. நான் வாரேன்."

அவசரத்தில் செருப்பில்லாமலே இறங்கினாள். பாதியில் ஏணி ஆட, நின்றுவிட்டாள்.

"மெதுவா டீச்சர்" என்ற சாயிமா, வினாத்தாளைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.